பத்தொன்பது சொற்கள்

ஒரு காரியத்துக்காக முன்நிற்பவர்களை, மாற்றம் வேண்டும் என்று குரல் கொடுப்பவர்களைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் நிலவுவதாக ஓர் எண்ணம் படித்தவர்களிடையே பரவிக் கிடக்கிறது. இது கொடிய பிழை. மேலும் பரவுவதற்குள் திருத்தப்பட வேண்டும். பஞ்சம் எதுவும் இல்லை. ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் தணிகாசலம் அகராதிகளை விரித்து வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்ததில் பத்தொன்பது சொற்கள் தேறின. அவற்றில் ஆறை ஒரு துண்டறிக்கையில் அச்சிட்டார். அந்த ஆறில் ஒரு சொல்லுக்குக் கீழே பெயர் வந்திருந்த ஐந்து பேரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிற்று. உண்மையிலேயே பஞ்சமாக இருந்திருந்தால் ஐந்து பேரும் அவரவர் வீட்டில் இருந்திருப்பார்கள் என்று, திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் தகரக் கொட்டகையில், டோக்கன் எண் இருநூற்றுப் பன்னிரண்டை விரல்களுக்கு நடுவே உருட்டியபடி அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் அந்த ஐவரில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பச்சையம்மாள், மேலத்தாங்கல் நடுநிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகச் சத்துணவு சமைக்கிறவள். பதினோரு நாள் சிறையில் இருந்து ஜாமீனில் வந்திருந்தாள். ஒலிபெருக்கி நூற்று அறுபத்தெட்டு என்றது.

நூற்று அறுபத்தெட்டுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருவேளை செத்துப்போயிருக்கலாம், மனுக்கொடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் பாதி செத்துத்தான் வருகிறார்கள், வாசலில் வேறு நாற்காலியைச் சுவரோடு சாய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்தப் போலீஸ்காரர் ஒவ்வொருவருடைய தண்ணீர் பாட்டிலையும் திறந்து மோந்து பார்த்து மண்ணெண்ணெய் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் உள்ளே விடுகிறார், உயிரோடு இருக்கிறவன்தான் கொளுத்திக்கொள்வான் என்ற அளவுக்காவது அரசாங்கத்துக்கு மக்கள்மேல் நம்பிக்கை இருக்கிறது. தணிகாசலத்தின் பாட்டிலை மோந்த பிறகு அவர் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாரே அந்தப் போலீஸ்காரர், அது ஏன்? ஊர் ஸ்டேஷனில் இருந்தவரோ? பாஸ்போர்ட் விசாரணைக்கு வீட்டுக்கு வரப்போகிறவரோ? "எம் பாட்டில மோந்தான் சார் அவன்," என்றாள் பச்சையம்மாள், அவர் நினைப்புக்குள் கையை விட்டவள் போல. "சீரகத் தண்ணி. எனக்கும் ஒரு மொடக்கு குடு யக்கான்றான். பாவம், காலையில இருந்து ஊர் பாட்டிலெல்லாம் மோந்துனு குந்திக்கிறான், அவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க நாதியில்ல." கொடுத்தாயா என்று கேட்டார். "குடுக்காம? வாயி வெக்காம தூக்கிக் குடின்னேன்." சிரித்தாள். சிறைக்குப் போய்வந்தவள் போலீஸ்காரருக்குச் சீரகத் தண்ணீர் கொடுக்கிறாள், போகாதவர் அவர் பார்த்த ஒரு பார்வைக்கே நினைப்பில் ஸ்டேஷன் வரை போய்வருகிறார். இதற்கு ஒரு சொல் இருக்க வேண்டும். இருபதாவது சொல். அகராதியில் பார்த்த ஞாபகம் இல்லை.

மடியில் பழுப்பு உறை இருந்தது. உறைக்குள் இரண்டு தாள். முதலாவது பச்சையம்மாளின் விளக்கம், அவர் எழுதி அவள் கையெழுத்துப் போட்டது, வாசல் வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறவர்கள் பச்சை மையில் எழுதும் 'தங்கள் பொற்பாதங்களில் பணிந்து' வகையறா எதுவும் இல்லாத நல்ல தமிழ். அரசு ஊதியம் பெறும் பணியாளரான தாங்கள் துண்டறிக்கையில் தங்களைப் போராளி என்று அறிவித்துக்கொண்டமைக்காக ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது, ஏழு நாட்களுக்குள் விளக்கம் தருக என்று வந்த நோட்டீசுக்கு அது பதில். இன்று ஏழாவது நாள். ஓய்வுக்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது அவளுக்கு, புருஷன் இல்லை, பையன் எங்கோ ஒரு கம்பெனியில் ஒப்பந்தக் கூலி, அந்த அடுப்பு போனால் வேறு அடுப்பு இல்லை. அந்தத் தாளின் அடியில் 'இணைப்பு: 1' என்று எழுதியிருந்தார். இணைப்பு இரண்டாவது தாள். அது அவருடைய வாக்குமூலம். துண்டறிக்கையில் பெயர்களை வகைப்படுத்தி எழுதியவன் நான். பச்சையம்மாளுக்கு அந்த வகைப்பாடு அச்சாகி வரும்வரை தெரியாது. இப்படி இரண்டு வாக்கியம். மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதை எழுத அவருக்கு நேற்று முழுவதும் ஆயிற்று, ஐந்து சொல், முப்பத்தொரு வருடம் வகுப்பெடுத்தவருக்கு ஐந்து சொல் எழுத ஒரு பகல். அதைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். நூற்று எழுபத்திரண்டு. நூற்று எழுபத்திரண்டு எழுந்தது, ஊன்றுகோலோடு.

வகைப்படுத்தாமல் இருந்திருக்கலாம். இல்லை, இருந்திருக்க முடியாது, ஒரே பொருளைக் குறிக்க இரண்டு சொல் எந்த மொழியிலும் இருக்காது என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார், நூலிழை வித்தியாசமாவது இருக்கும், அந்த நூலிழையைப் பிடித்துக்கொள்கிறவன்தான் தமிழ் படித்தவன் என்று மேசையைத் தட்டிச் சொல்லியிருக்கிறார். மேலத்தாங்கல் ஏரியில் நகராட்சி குப்பை கொட்டப்போகிறது என்றதும் ஊரில் முப்பத்திரண்டு பேர் சேர்ந்தார்கள், ஏரி மீட்புக் குழு என்று பெயர் வைத்தார்கள், பெயர் வைத்ததும் அவர்தான். முதல் மனுவைப் பச்சையம்மாள் வீட்டில் வைத்துத்தான் எழுதினார்கள். கையெழுத்துப் போடும் நேரத்தில் அவள் உள்ளே போய் ஓர் எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து தாள்மேல் கவிழ்த்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, "வட்டத்து மேல போடுங்க எல்லாரும்," என்றாள். ஏன் என்று கேட்டார். "எங்க ஊர்ல அப்டித்தான் சார். கூலி ஏத்திக் கேக்கறதுக்கு எங்கப்பன் காலத்துல இருந்தே அப்டித்தான். வட்டத்துல போட்டா மொதல்ல யாரு போட்டான்னு எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. மொதல்ல போட்டவனத்தான தேடுவான்?" அவருக்கு அது பிடிக்கவில்லை. சோறு தின்கிற தட்டைச் சுற்றி முப்பத்திரண்டு பெயர், ஈ மொய்த்த மாதிரி. அடுத்த முறை துண்டறிக்கை போடும்போது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தார். யார் யார் என்ன என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா, அவரவர் உழைப்புக்கு ஏற்ற சொல்லை அவரவருக்குக் கொடுக்க வேண்டாமா, அதுகூடச் செய்யாவிட்டால் அப்புறம் தமிழ்ப் பேராசிரியர் எதற்கு இந்தக் குழுவில், மேசை தூக்கவா?

செய்தார். ஆர அமரச் செய்தார், கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறவர் போல. போராளி என்றால் குப்பை லாரிக்கு முன்னால் படுக்கிறவர். செயற்பாட்டாளர், படுத்தவரைப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்புகிறவர். களப்பணியாளர், படுத்தவருக்குத் தண்ணீர் கொண்டுபோகிறவர். ஆதரவாளர், கூட்டத்துக்கு வருகிறவர், நாற்காலி கிடைத்தால் உட்காருகிறவர். அனுதாபி, வராதவர், ஆனால் வராததற்காக வருந்துகிறவர். ஆர்வலர் என்பவர் கரையில் நின்று நீச்சலைப் பாராட்டுகிறவர். இப்படி ஆறு தலைப்பு, ஆறு தலைப்பின் கீழும் பெயர்கள், நேர்த்தியான இரட்டைப் பத்தி. பச்சையம்மாளிடம் கேட்டபோது, "என் பேரு மட்டும் போடு சார், பக்கத்துல ஒண்ணும் வாணாம்," என்றாள். "உன்ன மாதிரி ஆளுக்கு ஒரு சொல் இல்லன்னா எப்படிம்மா," என்றார் இவர். "இருவத்திரண்டு வருசமா ஆயான்னு கூப்புடறாங்க பிள்ளைங்க, அத்து போதாதா?" என்றாள். போதாது என்று அவருக்குத் தோன்றியது. துண்டறிக்கையை ஊரெல்லாம் ஒட்டினார்கள். மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் அச்சகத்துக்கு வந்து ஒரு பிரதி வாங்கிக்கொண்டு, சிவப்புப் பேனாவால் முதல் தலைப்புக்குக் கீழே ஒரு கோடு போட்டு, "வாத்தியார் கெட்டிக்காரருய்யா, ரகம் பிரிச்சே குடுத்துட்டாரு, நமக்கு வேல மிச்சம்," என்று சொன்னாராம். அச்சக ஜப்பார் பாய் அதை வந்து சொன்னபோது தணிகாசலத்துக்கு முதலில் வந்தது பயமல்ல. வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும், அவருக்கு முதலில் வந்தது ஒரு சின்னப் பெருமை. வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் அவர் எழுதியதைச் சொல் சொல்லாகப் படித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய பொருளை எடுத்துக்கொண்டு, அதன்படி நடந்திருக்கிறார். ஒரு மாணவன்கூட அப்படிச் செய்ததில்லை.

முட்டி வலித்தது. பிளாஸ்டிக் நாற்காலி வேட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தகரக் கூரையில் ஏதோ பறவை நடந்தது, நகம் கீறும் சத்தம், அல்லது அது உள்ளுக்குள்தான் கீறுகிறதோ. நூற்று எண்பத்தொன்பது. தணிகாசலம் ஆர்வலர் தலைப்பின் கீழே இருந்தார். அதுதான் பொருத்தம், அடக்கம் வேண்டும் மனிதனுக்கு, குழுவுக்குப் பெயர் வைத்ததும் மனு எழுதியதும் துண்டறிக்கை எழுதியதும் கூட்டம் கூட்டியதும் தான்தான் என்றாலும் பெரிய சொல் எதையும் தனக்கென்று எடுத்துக்கொள்ளாதவர், அடக்கம்தான் அது, அடக்கமேதான். லாரிக்கு முன்னால் அவரும் படுத்தாரே? படுத்தார். எல்லாருக்கும் முன்னால் படுத்தது அவர்தான், கல் முதுகில் குத்தியது, வானம் அநியாயத்துக்கு நீலமாக இருந்தது, டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான், அந்தப் பத்து நிமிஷத்தில் அறுபத்து மூன்று வயதில் அவர் இருபது வயதாக இருந்தார். பச்சையம்மாள் படுக்கவில்லை. கரையில் நின்று தண்ணீர் கொடுத்தாள். அப்படியானால் அவர் செய்த இலக்கணப்படி அவள் களப்பணியாளர். அப்படித்தான் முதலில் எழுதினார். முதலில் எழுதினார் என்றால். இதைப் பற்றி நினைக்க வேண்டாம். "சாயங்காலம் பஸ்ஸு எத்தினி மணிக்கு சார்?" நாலு பத்துக்கு என்றார். "நோட்டீசு வந்ததுல இருந்து அடுப்புகிட்ட நிக்க வுட மாட்டேன்றாங்க. அந்த வாட்ச்மேன் பொண்டாட்டி பொங்கறா. வெள்ளிக்கிழம பருப்ப அடி புடிக்க வுட்டாளாம். பிள்ளைங்க ஊட்டாண்ட வந்து சொல்லுதுங்க, ஆயா எப்ப வருவேன்னு." சிறையில் என்ன சாப்பாடு என்று அவர் இதுவரை கேட்டதில்லை, கேட்கப் பயம், ஆனால் அவளாகவே சொன்னாள்: "உள்ள சாம்பாரு இருக்குதே, அடேயப்பா. கத்திரிக்காய காம்போட போடறாங்க. மூணாம் நாளு பொறுக்க முடியாம நானே கரண்டிய வாங்கிட்டேன். அதிகாரியம்மா வந்து யாரும்மா நீ, எதுக்கு உள்ள வந்தேன்னு கேட்டுது. சமையல் பண்ணத்தான்னேன்."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பாஸ்போர்ட். மகள் மஸ்கட்டில் எட்டு மாதக் கர்ப்பம், இளவெயினி என்று பெயர் வைத்ததற்காக ஒவ்வொரு அலுவலகத்திலும் எழுத்துக்கூட்டிச் சொல்லிச் சொல்லி அப்பாவைத் திட்டுகிற மகள், வரும் மாதம் பிரசவம். மனைவி குணசுந்தரி போன வாரமே முன்னால் போய்விட்டாள், அவருடையதுதான் காலாவதி, புதுப்பிக்கக் கொடுத்து போலீஸ் விசாரணையில் நிற்கிறது. விமான நிலையத்தில் குணசுந்தரி சொன்னாள்: "இன்னும் எதுலயாவது கையெழுத்து போட்டீங்கன்னா இங்கயே இருந்துக்குங்க. பேரன் பொறந்தா போட்டோ அனுப்பறோம்." சும்மா சொல்லவில்லை. இந்த இரண்டாவது தாள் உள்ளே போனால் என்ன ஆகும்? இங்கிருந்து காவல் கண்காணிப்பாளர் அலுவலகம் போகும், அங்கிருந்து ஸ்டேஷன், ஐந்து என்று இருந்த குற்றப்பத்திரிகையில் ஆறு என்று ஆகும், அந்தச் சிவப்புப் பேனா மறுபடி மூடி திறக்கும், விசாரணைக்கு வருகிற ஏட்டு வாசலில் நின்று 'சார் மேல ஒரு கேஸ் இருக்கு போல' என்பார், அவ்வளவுதான், மஸ்கட் என்பது அட்லஸில் ஒரு புள்ளி. போகாமல் போனால்? நோட்டீசில் இருப்பது அவள் பெயர். தங்களைப் போராளி என்று அறிவித்துக்கொண்டமைக்காக. அறிவித்துக்கொள்ளவே இல்லை அவள். முதல் தாளில் அதை அவர் மூன்று விதமாக எழுதியிருக்கிறார், அழகாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் ஒரு சமையல்காரி மறுத்தால் யார் நம்புவார்கள், எழுதியவனே வந்து நான்தான் எழுதினேன் என்று சொன்னால் அல்லவா நம்புவார்கள். அதற்குத்தானே இணைப்பு. அதற்குத்தானே வந்தது. இருநூற்று ஒன்று.

"சார்," என்றாள் பச்சையம்மாள். குரலைத் தாழ்த்தவில்லை, பஸ் நேரம் கேட்ட அதே குரல். "ஜப்பார் பாய் ஒண்ணு சொன்னாரு. கேக்கட்டுமா?" அவர் உறையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். "அந்த அஞ்சாவது பேரு மொதல்ல உங்களுதுதானாமே." கூரைமேல் இருந்த பறவை நின்றுவிட்டது. "கடைசி நாளு சாயங்காலம் நீங்களே போயி உங்க பேர அங்கேருந்து எடுத்து கீழ போட்டீங்களாம். அப்பால நாலு பேருதான் இருக்குது, பக்கத்துப் பத்தியில அஞ்சு இருக்குது, ஒரு பக்கம் மொட்டையா கீது சார்னு அவரு சொன்னாராம். நீங்க பேனாவ வெச்சிக்கினு கொஞ்ச நேரம் பாத்துட்டு, பச்சையம்மா பேர அங்க தள்ளுன்னீங்களாம்." சொல்லிவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆமாம், அப்படித்தான், அதுதான் அந்த மூன்றாவது வாக்கியம்: அவ்விடத்தில் முதலில் இருந்தது என் பெயர். அன்று மாலை டீக்கடையில் இரண்டு பேர் ஏரிக் குழுவைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்கள், மஃப்டியில் இருந்தாலும் பூட்ஸ் மாற்றாதவர்கள், அவர் நேரே அச்சகத்துக்குப் போனார், அடக்கம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டே போனார், வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனார். எடுத்ததைக்கூட மன்னிக்கலாம். எடுத்த இடத்தை வெறுமனே விட்டிருக்கலாமே? பத்தி மொட்டையாக இருந்தால் என்ன, யார் கேட்டார்கள், ஏரி கேட்டதா? "கோவமா பச்சையம்மா?" என்று கேட்டார். "கோவப்பட்டு இன்னா சார் ஆவப்போவுது. பயம் எல்லாருக்கும்தான் இருக்குது. எங்கப்பனே வட்டத்துல போட்டுட்டு நாலு நாளு மாமியா ஊட்டுல போயி படுத்துக்குவாரு." மறுபடி சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. "அத்தையும் எழுதிக்கிறீங்களா? இந்தக் காகிதத்துல?"

"எழுதியிருக்கேன்மா," என்றார். உண்மை. எழுதியிருந்தார். உறைமேல் இருந்த அவர் விரல்களை அவள் பார்த்தாள், தலையாட்டினாள், சீரகத் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். அவர் வாய் வைக்காமல் தூக்கிக் குடித்தார், பாதி சட்டையில் போயிற்று.

இருநூற்றுப் பன்னிரண்டு. எழுந்தபோது அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்தபடியே கூட்டிக்கொண்டு போனாள், பார்க்கிறவர்களுக்கு மனுக்கொடுக்க வந்தவர் அவர் என்றும் துணைக்கு வந்தவள் அவள் என்றும்தான் தோன்றியிருக்கும். சத்துணவுப் பிரிவு மேசை மூன்றாவதாக இருந்தது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் இளம்பெண், கண்ணுக்குக் கீழே தூக்கமின்மை. மேசையின் ஓரத்தில் ஒரு போலீஸ்காரர் நின்று செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார், வாசலில் இருந்தவர் அல்ல, வேறொருவர், ஆனால் அவர் காலிலும் அதே பூட்ஸ். தணிகாசலம் உறைக்குள் விரலை விட்டார். இரண்டு தாள், ஒன்று கனம், ஒன்று லேசு, கண்ணை மூடிக்கொண்டும் பிரித்துச் சொல்லிவிடலாம், நூலிழை வித்தியாசம். ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் பெயர், பள்ளி, நோட்டீஸ் எண் எல்லாம் தட்டிக்கொண்டே வந்து கடைசிக்கு வந்தாள். "இணைப்பு ஒண்ணுன்னு போட்டிருக்கு. எங்க சார் இணைப்பு?" பச்சையம்மாள் அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை, சும்மா பார்த்தாள், பால் பொங்கிவிடுமோ என்று பார்ப்பதுபோல. போலீஸ்காரர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார், அல்லது கழுத்து வலித்திருக்கும். "பழைய நகலைப் பார்த்து எழுதினதுல வந்துட்டுது," என்றார் தணிகாசலம். பேனாவை எடுத்தார். 'இணைப்பு: 1' என்பதைக் குறுக்கே ஒரே கோடாக, ஸ்கேல் வைத்தாற்போல நேராக அடித்தார். அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது விதி. இட்டார். உறையை இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நீங்க யாரு சார் இவங்களுக்கு?" என்று கேட்டாள் அந்தப் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பத்தொன்பதும் நாக்குக்கு அடியில் வந்து நின்றன. "கூட வந்தேன்," என்றார். அதற்குக் கட்டம் இல்லை போலிருக்கிறது, அவள் எதையும் தட்டவில்லை, ரசீதைக் கிழித்து நீட்டினாள். பச்சையம்மாள் அதை வாங்கி நாலாக மடித்தாள். "எங்க சாருதான் எல்லாம் எழுதிக் குடுத்தாரு," என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். பிறகு அவர் முழங்கையைப் பிடிக்காமல் முன்னால் நடந்தாள்.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து மேலத்தாங்கல் நடுநிலைப் பள்ளிக்கு, பச்சையம்மாள் நின்ற அடுப்பில் முட்டை வேகவைக்க, வெளியூரிலிருந்து ஒரு பெண் ஏழு நாற்பது பஸ்ஸில் வந்துபோகிறாள்.